தூரத்துப் பச்சையை எண்ணுகிறவர்களுக்கு

பாலைவனமாதலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளின் பிரதிநிதிகளுக்கும், அந்த நாடுகளுக்காக நிலச்சீரழிவு அறிக்கை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

செயற்கைக்கோள் படங்களைப் படித்துச் சொல்வது என் தொழில். உங்கள் மேசைக்கு வரும் வரைபடங்களில் பச்சையும் சிவப்பும் பூசுகிற பல கைகளில் என்னுடையதும் ஒன்று. அந்தக் கை ஒருமுறை தப்பாகப் பூசியது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

வறண்ட மேய்ச்சல் பகுதி ஒன்று. பதினைந்து ஆண்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிலம் தேறிய இடத்துக்குப் பச்சை, சரிந்த இடத்துக்குச் சிவப்பு என்று வரைபடம் தயாரித்திருந்தேன். சரிபார்ப்பதற்காகச் சில புள்ளிகளைத் தேர்ந்துகொண்டு ஜி.பி.எஸ். கருவியுடன் இறங்கினோம். முதல் புள்ளி, வரைபடம் முழுவதிலும் அழுத்தமான பச்சை விழுந்த இடம். இன்னும் நாற்பது மீட்டர் போக வேண்டும் என்று கருவி சொன்னது. அதற்குமேல் ஓர் அடி நகர முடியவில்லை. எதிரே ஆள் உயரத்துக்கு மேல் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டு நின்றது. ஆடுகள் புகுந்து புகுந்து உண்டாக்கிய பொந்து ஒன்று இருந்தது. அதில் குனிந்து நுழைந்தேன். நாலாவது எட்டில் முள் செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறியது. உள்ளே தரையில் ஒரு புல் இல்லை. இலைத்தூள், உலர்ந்த நெற்று, அதற்குக் கீழே நகத்தால் கீறினால் கீறல்கூட விழாத மண். கூட வந்த மேய்ப்பர் பெரியவர் வெளியிலேயே நின்றுகொண்டார். அவர் பேசியது எனக்குப் புரியாத மொழி, உடன் வந்தவர்தான் சொன்னார்: “இதுக்குள்ள போன ஆட்டை வெளியே கொண்டுவர ரெண்டு ஆள் வேணும்கிறார்.”

இரண்டாவது புள்ளி அங்கிருந்து அரை கிலோமீட்டர்கூட இருக்காது. வரைபடத்தில் சிவப்பு. நேரில் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குப் புல், காய்ந்து வைக்கோல் நிறத்தில். நடுநடுவே வரப்பு கட்டி மழைத்தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கினேன். வேரோடு வந்த மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது, கறையான் ஓட்டை தெரிந்தது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அங்கேயும் முன்பு இதே முட்காடுதான் இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து இரண்டு கோடைக்காலம் வேரோடு பிடுங்கி எடுத்து, புல் வர விட்டிருக்கிறார்கள். எப்போதும் பச்சையாக இருந்த புதர் போனதும் என் கணக்கில் பசுமை சடாரென்று விழுந்திருக்கிறது. நோய் கண்ட நிலத்துக்கு நலம் என்றும், வைத்தியம் நடந்த நிலத்துக்கு நோய் என்றும் நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

இந்த இடத்துக்கு என்ன நிறம் கொடுத்தீர்கள் என்று பெரியவர் கேட்டார். சிவப்பு என்றேன். சிவப்பு என்றால் நல்லதா என்று கேட்டார்.

அறிக்கை அதற்குள் போய்விட்டிருந்தது. திருத்தம் கேட்டு எழுதினேன். அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் ஹெக்டேர் கணக்குக்குத்தான் கட்டம் இருந்திருக்கும், முள்ளுக்கு இருந்திருக்காது.

உங்கள் கணக்குகளின் கனம் எனக்குத் தெரியும். 2015-இல் 11.3 சதவீதமாக இருந்த சீரழிந்த நிலம் 2019-இல் 15.5 சதவீதம் ஆகிவிட்டது என்று 126 நாடுகளின் அறிக்கைகளைத் தொகுத்து நீங்கள் வெளியிட்டீர்கள். ஆண்டுக்குக் குறைந்தது 10 கோடி ஹெக்டேர் நல்ல நிலம் கைவிட்டுப் போகிறது என்றீர்கள். 2030-க்குள் 150 கோடி ஹெக்டேரை மீட்டாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்த உங்கள் மாநாட்டில் பேசப்பட்டது. இவ்வளவு பெரிய பரப்பை ஆள் வைத்து நடந்து அளக்க முடியாது, வானத்திலிருந்துதான் பார்த்தாக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அப்படிச் சொன்னால் என் பிழைப்பே போய்விடும்.

செயற்கைக்கோள்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனும் சின்னதல்ல. 1972 ஜூலையில் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே போனது. அன்றிலிருந்து இன்றுவரை பூமியின் நிலப்பரப்புக்கு அறுபடாத ஒரு நாட்குறிப்பு இருக்கிறது. மூன்று ஆண்டு உழைத்தால் போதும் என்று 1984-இல் அனுப்பிய லேண்ட்சாட் 5, 2013 வரை படம் அனுப்பிக்கொண்டிருந்தது. லேண்ட்சாட் 7-க்கு 2003 மே மாதம் ஒரு பாகம் பழுதாகி, அதற்குப் பிறகு வந்த படங்களெல்லாம் சீப்பால் வாரியதுபோல் கோடு கோடாக இருக்கும். அந்தக் கோடுகளுக்கு நடுவே தெரிந்ததை வைத்துக்கொண்டே பல ஆண்டு வேலை ஓடியது. 2008-இல் அமெரிக்கா அந்தச் சேமிப்பு முழுவதையும் இலவசமாகத் திறந்துவிட்டதுதான் பெரிய திருப்பம். அதற்கு முன் ஒரு படத்துக்குச் சில நூறு டாலர் கட்டி, கட்டுப்படியாகிற இரண்டே இரண்டு ஆண்டுகளை வாங்கி ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். இன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை, பத்து மீட்டர்வரை நுணுக்கத்தில், 13 அலைவரிசைகளில் படம் தருகிறது. காசு கேட்பதில்லை. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கோள்களும் சேர்ந்துவிட்டன. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இந்திய-அமெரிக்கக் கூட்டுச் செயற்கைக்கோள் நிசார் அந்த வரிசையில் புதியது.

இவ்வளவு இருந்தும் உங்கள் அறிக்கைகள் எதில் நிற்கின்றன என்று பாருங்கள். நிலச்சீரழிவுக்கு மூன்று அளவுகோல் வைத்திருக்கிறீர்கள்: நிலப்போர்வை (மேலே இருப்பது காடா, பயிரா, புல்லா என்பது), நிலத்தின் விளைதிறன், மண்ணிலுள்ள கரிமம். மூன்றில் ஒன்று சரிந்தாலும் அந்த நிலம் சீரழிந்ததாகக் கொள்ளப்படும். விதி கறாரானது, எனக்குப் பிடித்த விதியும்கூட. ஆனால் அளவுகோல்களுக்குள் இருப்பது வேறு கதை.

நிலப்போர்வைக்கு, சொந்தத் தரவு இல்லாத நாடுகளுக்குக் கொடுக்கப்படுவது 300 மீட்டர் கட்டங்களாலான உலக வரைபடம். ஒரு கட்டம் 9 ஹெக்டேர், அதாவது 22 ஏக்கர். 22 ஏக்கருக்கு ஒரே பெயர்: ‘பயிர்நிலம்’ அல்லது ‘புல்நிலம்’ அல்லது ‘புதர்’. ஒரு சிறு விவசாயி தன் இரண்டு ஏக்கரில் வரப்பு போட்டு, மரம் நட்டு, மண்ணைத் தேற்றினால் அது இந்தக் கட்டத்தில் எங்கே தெரியும்?

மண் கரிமத்தைப் பற்றி வெளியே அதிகம் யாரும் பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் பச்சையாகவே சொல்கிறேன். அதை எந்தச் செயற்கைக்கோளும் அளந்து உங்களுக்குத் தரவில்லை. 2000-ஆம் ஆண்டுக்கான உலக மண் வரைபடத்திலிருந்து, மேல் 30 சென்டிமீட்டரில் இவ்வளவு கரிமம் இருக்கும் என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறோம். நிலப்போர்வை காட்டிலிருந்து பயிருக்கு மாறினால் இவ்வளவு குறை, பயிரிலிருந்து புல்லுக்கு மாறினால் இவ்வளவு கூட்டு என்று ஒரு பெருக்கல் அட்டவணை இருக்கிறது. நிலப்போர்வையின் பெயர் மாறாவிட்டால் கரிமமும் மாறாது. முப்பது வருடம் ஒரே நிலத்தில் தாளைக் கொளுத்தி, ஆழ உழுது, மேல்மண் காற்றில் போனாலும் பெயர் ‘பயிர்நிலம்’தானே? அட்டவணையில் அந்த மண் அப்படியே கொழுத்துக் கிடக்கும். அதேபோல் எருவும் தழையும் போட்டு ஒருவர் மண்ணைக் கறுக்க வைத்திருந்தால், அவருக்கும் ஒரு பைசா மதிப்பெண் கிடையாது.

மிச்சமிருப்பது விளைதிறன். உண்மையில் செயற்கைக்கோள் நேராகப் பேசுவது இங்கேதான், நானும் ஏமாந்தது இங்கேதான். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்.டி.வி.ஐ. என்கிற பசுமைக் குறியீடு. வெறுந்தரை 0.1, 0.2 என்று கிடக்கும். அடர்ந்த இலைக்கூட்டம் 0.7, 0.8-க்குப் போகும். கைக்கடக்கமான, அழகான கணக்கு. இலை பச்சையா என்று மட்டும் அதனிடம் கேட்கலாம், ஒழுங்காகப் பதில் சொல்லும். அது யாருடைய இலை, ஆடு கடிக்குமா, அடியில் புல் இருக்கிறதா, மண் தண்ணீர் குடிக்கிறதா என்றெல்லாம் கேட்டால் பதில் இல்லை. காய்ந்த புல் கால்நடைக்குத் தீவனம், மண்ணுக்குப் போர்வை. குறியீட்டைப் பொறுத்தவரை அதுவும் வெறுந்தரையும் ஏறக்குறைய ஒன்று. இதில் இன்னொரு சங்கடம், நாம் ஆண்டு முழுவதுக்குமான பசுமையைக் கூட்டி ஓர் எண்ணாக்கிவிடுகிறோம். மூன்று மாதம் செழித்து ஒன்பது மாதம் காய்ந்து நிற்கும் நல்ல புல்வெளி, பன்னிரண்டு மாதமும் பச்சையாக இருக்கும் முட்காட்டிடம் அந்தக் கூட்டலில் எப்போதும் தோற்கும். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

முட்காட்டுக் கதை ஏதோ ஒரு மூலையில் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எத்தியோப்பியாவின் அஃபார் மேய்ச்சல் நிலங்களைக் கேட்டுப் பாருங்கள். கென்யாவின் பாரிங்கோவில் 1980-களில் விறகுக்கும் நிலப் பாதுகாப்புக்கும் என்று இதே மரத்தை நல்லெண்ணத்தோடுதான் நட்டார்கள். அது மேய்ச்சல் நிலத்தை மூடியது. சர்க்கரைச் சத்துள்ள நெற்றைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் போயிற்று. 2006-இல் அந்த மக்கள் வழக்குப் போட்டார்கள். பல் போன ஆடு ஒன்றையே சான்றாக நைரோபி நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு நிலம் தேறியதா என்று அந்த ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். என்.டி.வி.ஐ. வரைபடத்தில் அதே இடம் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும்.

இதற்குத் தீர்வும் அதே செயற்கைக்கோளிடம் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. சுற்றுவட்டாரமெல்லாம் காய்ந்து கிடக்கும் கடும் கோடையில் எடுத்த படத்தைத் தனியாகத் திறந்து பாருங்கள். அப்போதும் பச்சை மாறாத பிக்சல் (படத்தின் ஒரு சிறு கட்டம்) என்றால், ஒன்று தண்ணீர் பாய்கிற வயல், இல்லாவிட்டால் ஆற்றோரம், இல்லாவிட்டால் நிலத்தடி நீரை ஆழத்தில் உறிஞ்சும் இந்த மாதிரிப் புதர். முதல் இரண்டையும் கழித்துவிட்டால் மூன்றாவது மாட்டிக்கொள்ளும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாதவாரியாகப் பிரித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும், உள்ளூரில் எது எப்போது துளிர்க்கும், எப்போது உதிரும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். என் முதல் வரைபடத்துக்கு இரண்டுமே இல்லை.

எந்த ஆண்டோடு எந்த ஆண்டை ஒப்பிடுகிறோம் என்பதிலும் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. 1975-இல் சூடானில் விமானத்திலிருந்து ஒரு கணக்கெடுப்பு நடத்தினார் சூழலியலாளர் ஹியூ லாம்ப்ரே. 1958-இன் தாவர வரைபடத்தோடு ஒப்பிட்டு, 17 ஆண்டில் பாலைவனம் 90 முதல் 100 கிலோமீட்டர் தெற்கே இறங்கிவிட்டது என்றார். அந்த எண் உலகம் சுற்றியது. மணல் அலை அலையாக முன்னேறி வருகிற சித்திரம் எல்லார் மனதிலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் 1970-களின் தொடக்கம் சகாராவுக்குத் தெற்கே உள்ள சாகேல் பகுதியைக் கடும் பஞ்சம் வாட்டிய காலம். பின்னால் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படங்களையும் களத்தையும் வைத்துத் தேடியபோது அப்படி ஒரு சீரான முன்னேற்றத்தைக் காணவில்லை. 1991-இல் நாசாவின் காம்ப்டன் டக்கரும் அவருடைய சகாக்களும் செயற்கைக்கோள் பதிவுகளை ஆண்டுவாரியாக அடுக்கினார்கள். சகாராவின் தென் எல்லை 1980-க்கும் 1984-க்கும் இடையே 240 கிலோமீட்டர் தெற்கே போயிருந்தது. அடுத்த ஒரே ஆண்டில் 110 கிலோமீட்டர் வடக்கே திரும்பியிருந்தது. மழை பெய்தால் ஒதுங்கும், பொய்த்தால் வரும். இரண்டே ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் எந்தக் கதையை வேண்டுமானாலும் சொல்லலாம்.

இதில் தமிழுக்கு ஒரு பழைய தெளிவு உண்டு. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது என்பது நம் திணைக் கணக்கு. முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு திரிந்தால் அதற்குப் பெயர் பாலை. எங்கிருந்தோ படையெடுத்து வருவது இல்லை. இருக்கிற இடத்திலேயே நிலம் திரிகிறது, மழை வந்தால் திரும்பவும் செய்யும். திரிந்தது வெயிலாலா, நம் கையாலா என்று பிரித்தெடுப்பதுதான் தொலையுணர்வில், அதாவது தூரத்திலிருந்து நிலத்தைப் படிக்கும் எங்கள் தொழிலில், இன்றைக்கும் கடினமான வேலை. மழையளவைக் கணக்கில் எடுத்து, அந்த மழைக்கு இவ்வளவு பசுமை வந்திருக்க வேண்டும் என்று வரையறுத்து, மிச்சம் விழும் வித்தியாசத்தின் போக்கைப் பார்க்கும் முறை இருக்கிறது. உங்கள் வழிகாட்டுதலிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் நாட்டு அறிக்கைகளில் பாதி நேரம் மழையைக் கழிக்காத கோடுதான் வந்து உட்கார்ந்திருக்கிறது. நல்ல மழை பெய்த நாலு ஆண்டு ஓர் அமைச்சகத்தின் சாதனையாகிவிடுகிறது.

வானமும் தரையும் சேர்ந்து சரியாகப் பார்த்த இடத்தையும் சொல்ல வேண்டும். நைஜர் நாட்டின் மராடி, ஜிண்டர் பகுதிகள். 1980-களில் அங்கே மரக்கன்று நடும் திட்டங்கள் தோற்றுக்கொண்டிருந்தன. டோனி ரினாடோ என்கிற ஆஸ்திரேலியர், வயலில் புதர்போலத் தெரிந்தவை வெட்டுண்ட மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகள் என்று கண்டுகொண்டார். விவசாயிகள் அவற்றில் நல்ல தளிர்களை விட்டு மற்றதைக் கழித்து வளர்த்தார்கள். நாற்றங்கால் இல்லை, குழி இல்லை, பெயர்ப்பலகை இல்லை. வயலில் நிற்கும் மரமும் அரசுக்குச் சொந்தம் என்ற பழைய பிடி தளர்ந்ததும் அது பரவியது. இருபது ஆண்டு யாருக்கும் தெரியாது! 30 மீட்டர் பிக்சலுக்குள் இரண்டு மூன்று மரம் நின்றால் அது பயிர்நிலமாகத்தான் தெரியும். கிரிஸ் ரெய்ஜும் கிரே டாப்பனும் என்கிற ஆய்வாளர்கள் பழைய வான்படங்களையும் புதிய நுணுக்கப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிறகு சாலை சாலையாக அந்த நாட்டில் பயணம் செய்து, சுமார் 50 லட்சம் ஹெக்டேர் வயல்களில் மரம் திரும்பியிருப்பதை உலகுக்குச் சொன்னார்கள். 2020-இல் நுணுக்கமான படங்களில் கணினியை விட்டு எண்ணச் சொன்னபோது, மேற்கு ஆப்பிரிக்காவின் 13 லட்சம் சதுர கிலோமீட்டரில் 180 கோடிக்கு மேல் தனித்தனி மரங்கள் கிடைத்தன. மரமே இல்லை என்று பல வரைபடங்கள் ஒதுக்கிவைத்திருந்த பகுதியும் அதில் அடக்கம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த 50 லட்சத்தைவிட, இருபது ஆண்டு நாம் பார்க்கத் தவறினோம் என்பது. அவர்கள் யாரிடமும் திட்டநிதி வாங்கவில்லை, அதனால் யாருடைய வரைபடத்திலும் அவர்களுக்கு எல்லைக்கோடு இல்லை. நாம் கண்காணிப்பது திட்டத்தின் எல்லைக்கோட்டுக்குள் மட்டும்தானே!

சிவப்பு நிறம் செய்யும் தீங்கையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் ஓர் இடத்தைச் சீரழிந்தது என்று குறித்துவிட்டால் அது ஒரு பெயராகிவிடுகிறது. பெயர் வந்தால் பின்னாலேயே திட்டம் வரும், திட்டத்தோடு வேலி வரும். புவியின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் மேய்ச்சல் நிலம்தான். அதில் பெரும்பகுதி ஆண்டில் பல மாதம் காய்ந்து, வெளிறி, படத்தில் பரிதாபமாகத் தெரியும். அதன் இயல்பே அதுதான். உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேருக்கு மரக்கூரை போட இடமிருக்கிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தபோது, புல்வெளிகளையும் சவானாக்களையும் காலி இடமாக எண்ணிவிட்டீர்கள் என்று சூழலியலாளர்கள் பலர் அதே இதழில் மறுத்து எழுதினார்கள். 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது, உங்கள் 17-ஆவது மாநாடும் மேய்ப்பர்களின் நாடான மங்கோலியாவுக்கு என்று முடிவாகியிருக்கிறது. மேய்ப்பர் ஒருவரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதைவிட, அவர் நிலத்தின் வரைபடத்தை அவர் கையில் கொடுத்து இது சரியா என்று கேட்டால் நன்றாக இருக்கும்.

பசுமை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அதற்கும் விலை உண்டு. சீனாவின் லோயஸ் மேட்டுநிலத்தில் மரமும் புல்லும் திரும்பியதை விண்ணிலிருந்து யாரும் மறுக்க முடியாது. மண் அரிப்பு குறைந்தது, மஞ்சள் ஆற்றில் வண்டல் குறைந்தது. கூடவே அந்தத் தாவரங்கள் குடிக்கும் நீர், அந்த நிலம் தாங்கக்கூடிய எல்லையை நெருங்குகிறது என்று 2016-இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. பசுமை மட்டும் பார்க்கும் வரைபடத்துக்கு ஆற்றில் குறைந்த தண்ணீர் தெரியாது.

இப்போது நான் கேட்க வந்தது. நாட்டு அறிக்கைப் படிவத்தில் ஏற்கெனவே ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அளவுகோல் ஓரிடத்தைத் தவறாகச் சீரழிந்தது என்றோ, தவறாக நலம் என்றோ காட்டினால், அந்த நாடே அதைக் குறித்துக் காரணம் எழுதலாம். இன்று அது விருப்பம். நேரமிருப்பவர்கள் நிரப்புகிறார்கள், மற்றவர்கள் தாண்டிப் போகிறார்கள். அதைக் கட்டாயமாக்குங்கள். தேறியது என்று எண்ணப்படும் நிலத்திலிருந்தும் சரிந்தது என்று எண்ணப்படும் நிலத்திலிருந்தும் குலுக்கிப்போட்டுப் புள்ளிகளை எடுத்து, ஒருவர் நேரில் போய், அங்கே வாழ்கிறவரை நிறுத்தி, அவர் சொன்னதைப் பதிவு செய்யட்டும். வரைபடத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போகாத இடங்களின் கணக்கை ஹெக்டேர் கணக்குக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். எத்தனை புள்ளி என்பதைப் புள்ளியியலாளர்கள் முடிவு செய்யட்டும். குலுக்கல் உண்மையான குலுக்கலாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் பிடிவாதம். சாலையோரத்துப் புள்ளிகளை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. நானும் செய்திருக்கிறேன், மதிய வெயிலில் ஜீப்பை விட்டு இறங்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஒரு பயம் எனக்கு இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். படத்தில் பச்சை தெரிந்தால் பணம் என்கிற ஏற்பாடுகள் பெருகி வருகின்றன. பணம் பிக்சலைப் பார்த்து வருகிறது என்றால் பிக்சலைப் பச்சையாக்கச் சுருக்கு வழி எது என்றுதான் மனித மூளை யோசிக்கும். வேகமாக வளரும், ஆடு கடிக்காத, பன்னிரண்டு மாதமும் இலை உதிராத ஏதாவது ஒன்றை நெருக்கி நட்டால் வேலை முடிந்தது. நான் முள் குத்திக்கொண்ட இடம் அப்படியொரு திட்டத்தில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். அதனால் காசோலை எழுதுவதற்கு முன், அந்தப் பச்சை எந்த இனம், கோடைப் படத்தில் எப்படி இருக்கிறது, மழையைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று கேளுங்கள். ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் அதே புள்ளிக்குத் திரும்பிப் போக இப்போதே ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். நட்டவர்கள் போன பிறகுதான் நிலம் தன் நிஜத்தைக் காட்டும். தோற்ற இடங்களின் பட்டியலையும் வெளியிடுங்கள். யாரையும் தண்டிப்பதற்காகக் கேட்கவில்லை. எந்த மண்ணில் எது பிழைக்காது என்பதை நாங்கள் வேறு எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

வரைபடம் அந்த நிலத்தில் இருப்பவர்களிடம் அவர்கள் மொழியில் போய்ச் சேர வேண்டும், உங்களிடம் வருவதற்கு முன்பே. இதைச் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், கடினமில்லை. அந்த வேலைக்குப் பிறகு நான் கோடைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஒரு மர நிழலில் விரித்துவைத்தேன். முதல் பத்து நிமிடம் எல்லாரும் தங்கள் வீட்டைத் தேடினார்கள். அப்புறம் ஓர் அம்மா விரலை வைத்து, இங்கே ஓடை இருந்தது, இப்போது முள் மூடிவிட்டது என்றார். இன்னொருவர், இது எங்கள் புல், நீங்கள் எடுத்தது தப்பான மாதம் என்றார். அரை நாளில் எனக்குக் கிடைத்த திருத்தங்களை எந்த அல்காரிதமும் தந்ததில்லை. பென்சிலால் அவர்கள் போட்ட கோடுகளோடு அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, கொஞ்சம் மண் ஒட்டிக்கொண்டு.

அந்த இரண்டு புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் ஆறு தசம இடம்வரை குறித்துவைத்திருக்கிறேன். வருகிற கோடையில் மறுபடியும் போகிறேன். முட்காடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, புல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரியவருக்கு நிறத்தைப் பற்றி ஒரு பதிலும் பாக்கி இருக்கிறது. உங்களில் யாராவது கூட வருவதானால் சொல்லுங்கள். செருப்பு வேண்டாம், அடி கெட்டியான பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயற்கைக்கோள் படம் படித்துப் பிழைக்கும் ஒருத்தி